காத்திருக்கத் தெரிந்த கோல்



பள்ளி விடுமுறை நெருங்கும் நாள்களில் பெற்றோர் சிலர் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, பையன் தூண்டில் போட ஆசைப்படுகிறான். எந்தக் கடையில் கேட்டாலும் கார்பன் கோல்தான் நல்லது என்கிறார்கள். விலையும் கூடுதலாக இருக்கிறது. எதை வாங்குவது?" ஓய்வு நேரத்தில் நான் தூண்டிலும் கையுமாக இருப்பவன் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். "விலையைப் பார்த்து வாங்காதீர்கள், வேலையைப் பார்த்து வாங்குங்கள்" என்பதே நான் கூறும் விடை. இச்சிறு விடைக்குப் பின்னால் ஏறத்தாழ 180 ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது.

அவ்வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அதனை முழுமையாகச் சொல்லப் புகுந்தால் ஒரு நூலே எழுத வேண்டும். ஆகவே, ஒரே ஒரு குறுகிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் மீனைக் 'கிரேங்க்பெய்ட்' என்னும் பொய்யிரையால் பிடிப்பவர்கள் எத்தகைய கோலைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? வரலாற்றுப் பாடம் நடத்தும்போது நம்மை அறியாமலேயே நாம் மாணவர் மனத்தில் விதைத்துவிடும் ஒரு தவறான எண்ணத்தை இக்கேள்வி திருத்திவிடும் என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

மீனும் பொய்யிரையும்

முதலில் மீனைப் பற்றி அறிந்துகொள்வோம். இங்கே நாம் பேசுவது பெருவாய்ப் பாஸ். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஆறுகளும் ஏரிகளும் இதன் தாயகம். நம் நாட்டுச் சந்தையில் கிடைக்கும் சியாக்காப் மீன் வேறு, இது வேறு. பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் நம் இளைஞர்கள் பிடிக்கும் 'பீக்கோக் பாஸ்' மீனும் பெயரளவில்தான் பாஸ். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மீன்.

பெருவாய்ப் பாஸ் இரையைப் பெரும்பாலும் உறிஞ்சியே உண்கிறது. இரையை நெருங்கியதும் வாயை நொடிப்பொழுதில் அகலத் திறக்கும். தண்ணீர் உள்ளே பாயும். அத்தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

அடுத்தது பொய்யிரை. கிரேங்க்பெய்ட் என்பது சிறு மீனைப் போன்ற வடிவில் மரத்தாலோ நெகிழியாலோ செய்யப்படுவது. அதன் மூக்கில் சிறு கரண்டி போன்ற தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ரீலின் கைப்பிடியைச் சுழற்றி நரம்பை (தங்கூசியை) இழுக்கும்போது அத்தகடு தண்ணீரை எதிர்க்கும்; பொய்யிரை ஆடி அசைந்துகொண்டே ஆழத்திற்குச் செல்லும். கைப்பிடியைச் சுழற்றுவதால்தான் இதற்கு இப்பெயர். வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் ஒவ்வொன்று தொங்கும். தமிழில் 'தூண்டு' என்னும் வினையின் அடியாகப் பிறந்ததே 'தூண்டில்' என்பது நாம் அறிந்ததே. கிரேங்க்பெய்ட்டுக்கு இச்சொல் மிகவும் பொருந்தும். அது மீனுக்கு உணவு தருவதில்லை. தூண்ட மட்டுமே செய்கிறது.

மூங்கிலின் காலம்

அமெரிக்காவில் நேர்த்தியான தூண்டிற்கோலின் கதை மூங்கிலிலிருந்து தொடங்குகிறது. 1840களில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஈஸ்டன் நகரில் சாமுவேல் ஃபிலிப்பி என்னும் துப்பாக்கிக் கைவினைஞர், மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிக் கோல்கள் செய்தார். 1870களில் மேய்ன் மாநிலத்தின் ஹிராம் லெனர்ட் ஆறு கீற்றுக் கோல்களைத் தம் பட்டறையில் பெருமளவில் உருவாக்கினார். முழு மூங்கிலை அப்படியே பயன்படுத்தாமல் ஏன் பிளக்க வேண்டும்? மூங்கிலின் வலிமை அதன் வெளிப்புற நார்களில்தான் செறிந்திருக்கிறது. முக்கோண வடிவக் கீற்றுகள் ஆறினை வெளிப்புறம் வெளியே இருக்குமாறு ஒட்டினால், உள்ளே வெற்றிடமில்லாத, எப்பக்கம் வளைந்தாலும் ஒரே சீராக வளையக்கூடிய அறுகோணக் கோல் கிடைக்கும்.

பின்னாளில் இதற்குச் சிறந்த மூங்கில் என்று போற்றப்பட்டது தென் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் விளைந்தது. வணிகர்கள் அதனை 'டோங்கின் மூங்கில்' என்று அழைத்தனர். கொரியப் போரின்போது, 1950 டிசம்பரில், அமெரிக்கா சீனாவுடனான வணிகத்தைத் தடைசெய்தது. மூங்கில் வரத்து நின்றது. இருப்பு வைத்திருந்த சில பட்டறைகள் மட்டும் தொடர்ந்து இயங்கின. ஆனால், அத்தடைக்கு முன்பே மூங்கிலுக்கு மாற்று வந்துவிட்டிருந்தது.

கண்ணாடி இழையின் காலம்

கண்ணாடியை மெல்லிய இழைகளாக நூற்கும் தொழில் 1930களில் அமெரிக்காவில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் அதற்குப் பிசின் சேர்க்கும் நுட்பத்தையும் விரைவுபடுத்தியது. போர்க்காலத்தில் ஆர்தர் ஹோவல்ட் என்னும் வேதியியலாளரின் மூங்கில் கோல் ஒடிந்துபோனது. நல்ல மூங்கில் கிடைப்பதற்கு அரிதான காலம் அது. தம் தொழிலில் பழகியிருந்த கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு அவர் தமக்கொரு நுனியைச் செய்துகொண்டார். அந்த முயற்சியே வளர்ந்து, 1940களின் பிற்பகுதியில் மிச்சிகன் மாநிலத்தின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 'வொண்டர்ராட்' என்னும் பெயரில் கண்ணாடி இழைக் கோலை விற்பனைக்குக் கொண்டு வர வழிவகுத்தது.

மழையில் நனைந்தாலும் கெடாது, வெயிலில் கிடந்தாலும் கோணாது, படகில் தவறி விழுந்தாலும் எளிதில் ஒடியாது, விலையும் குறைவு. கைவினைஞரின் மூங்கில் கோலை வாங்க இயலாத எளிய குடும்பங்களும் நல்ல கோலைக் கையில் பிடித்தன. அடுத்த 25 ஆண்டுகளுக்குக் கண்ணாடி இழையே கோலோச்சியது.

ஏரிகளும் போட்டிகளும்

இதே காலத்தில் மீன் வாழும் இடமும் மாறிக்கொண்டிருந்தது. 1933இல் அமைக்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் ஆறுகளின் குறுக்கே அணைகளைக் கட்டியது. 1936இல் நோரிஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. தென் மாநிலங்களெங்கும் அணைகள் எழுந்தன. மரங்களும் சாலைகளும் பழைய ஆற்றங்கரைகளும் நீரில் மூழ்கிப் புதிய ஏரிகள் தோன்றின. அங்கு வாழ்ந்தவர்கள் ஊர்களை இழந்தார்கள் என்பது அவ்வரலாற்றின் மறுபக்கம். மூழ்கிய மரக்கட்டைகள் பாஸ் மீனுக்குப் பதுங்குமிடமாயின.

அலபாமாவில் காப்புறுதி முகவராக இருந்த ரே ஸ்காட், 1967 ஜூன் மாதம் அர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு போட்டியை நடத்தினார். ஆளுக்கு 100 டாலர் கட்டணம் செலுத்தி 106 பேர் கலந்துகொண்டனர். மறு ஆண்டே அவர் பாஸ் மீன் பிடிப்போருக்கான சங்கத்தைத் தொடங்கினார். 1971இல் நெவாடாவின் மீட் ஏரியில் முதல் 'பாஸ்மாஸ்டர் கிளாசிக்' போட்டி நடைபெற்றது.

அக்காலத்தில்தான் டென்னசியைச் சேர்ந்த ஃபிரெட் யங் என்பவர் பால்சா என்னும் இலேசான மரத்தில் கையாலேயே கொழுத்த உருவமுடைய கிரேங்க்பெய்ட்டைச் செதுக்கினார். தம் அண்ணன் தம்பியருள் ஒருவரான ஓடிஸின் பெயரை நினைவூட்டும்படி அதற்கு 'பிக் ஓ' என்று பெயரிட்டார். போட்டியாளர்கள் இதனை விலைக்கு வாங்கக் கிடைக்காமல் நாள் வாடகைக்குக்கூட எடுத்தனர் என்றால் அதன் பெருமையை அறிந்துகொள்ளலாம்! 1973இல் காட்டன் கோர்டெல் என்னும் அர்கன்சா உற்பத்தியாளர் அதனை நெகிழியில் வார்த்து நாடெங்கும் பரப்பினார். மூழ்கிய மரக்கட்டையில் மோதித் திடீரென விலகி ஓடும் அக்கொழுத்த பொய்யிரையைப் பாஸ் மீன் பாய்ந்து கவ்வியது.

கார்பன் வந்தது

அதே 1973ஆம் ஆண்டில் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் கோலை, அதாவது கார்பன் இழைக் கோலை, சந்தைக்குக் கொண்டு வந்தது. விமானத் தொழிலுக்காக 1960களில் இங்கிலாந்திலும் சப்பானிலும் அமெரிக்காவிலும் வளர்த்தெடுக்கப்பட்ட பொருள் அது. சாதாரணக் கார்பன் இழையின் விறைப்பு, கண்ணாடி இழையின் விறைப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே பருமனுக்கு எடையோ நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைவு.

கோலைக் கையில் எடுத்தவர்கள் வியந்தனர். நாள் முழுவதும் வீசினாலும் கை வலிக்கவில்லை. அடிமண்ணில் பொய்யிரை உரசுவதுகூட விரல்களுக்குத் தெரிந்தது. மணிக்கட்டைச் சுண்டினால் நொடியில் முள் ஏறியது. பத்தாண்டுக்குள் கண்ணாடி இழை 'பழங்காலத்துப் பொருள்' ஆயிற்று. மூங்கிலைக் கண்ணாடி வென்றது. கண்ணாடியைக் கார்பன் வென்றது. கதை இத்துடன் முடிந்திருந்தால் நம் பாடநூல்களில் வரும் பல கதைகளைப் போலவே இருந்திருக்கும்.

கண்ணாடி ஏன் திரும்பியது?

ஆனால், கிரேங்க்பெய்ட் பயன்படுத்துவோரிடம் ஒரு குறை எழுந்தது. மீன் கவ்வுவது தெரிகிறது. இழுத்தால் முள்ளில் மீன் இல்லை. அல்லது படகருகே வரும்போது ஒருமுறை துள்ளித் தப்பிவிடுகிறது. புதிய கோலிலோ எந்தப் பழுதும் இல்லை. பின் ஏன் இவ்வாறு?

இப்போது முன்னே சொன்ன செய்தியை நினைவுகூர்வோம். பாஸ் மீன் இரையை உறிஞ்சுகிறது. கிரேங்க்பெய்ட்டோ ஓய்வின்றி இழுக்கப்பட்டுக்கொண்டே இருப்பது. நரம்பு எப்போதும் இறுக்கமாக இருக்கும். மீன் வாயைத் திறந்து உறிஞ்சும் அந்த நொடியில், கோலின் நுனி சற்றே வளைந்து கொடுத்தால் பொய்யிரை தண்ணீரோடு வாய்க்குள் போகும். விறைத்த கோல் வளைந்து கொடுக்காது. அதற்கும் மேலாக, கவ்வியதை நொடியில் உணர்த்திவிடுவதால் மனிதனும் உடனே சுண்டி இழுத்துவிடுகிறான். மீன் வாயை மூடும் முன்பே பொய்யிரை வெளியே வந்துவிடுகிறது!

இரண்டாவது காரணம் முள். மும்முனை முள் சிறியது, கம்பி மெல்லியது, ஆழமாக ஏறாமல் உதட்டோரத்தில் மாட்டியிருக்கும். மீன் தலையை உதறும்போது கோல் விறைப்பாக இருந்தால் முள் மாட்டிய இடம் கிழிந்து அகலும், அல்லது நரம்பு ஒரு கணம் தொய்ந்து முள் கழன்றுவிடும். நுனியிலிருந்து நடுப்பகுதிவரை வளையும் கோலோ மீனின் ஒவ்வோர் உதறலையும் வாங்கிக்கொண்டு, நரம்பைத் தொய்ய விடாமல் வைத்திருக்கும்.

ஆக, கண்ணாடி இழையின் 'குறை' என்று எது ஒதுக்கப்பட்டதோ அதுவே இங்கு அதன் சிறப்பாயிற்று. அது தாமதமாக விடையிறுக்கும் கோல். அந்தத் தாமதம் மீனுக்கு நேரம் தந்தது. கிளாசிக் போட்டியை 1976, 1977, 1984, 1990 என நான்கு முறை வென்ற ரிக் கிளன், கிரேங்க்பெய்ட்டுக்குக் கண்ணாடி இழைக் கோலே ஏற்றது என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருபவர். உற்பத்தியாளர்களும் கண்ணாடி இழையிலோ, கண்ணாடியையும் கார்பனையும் கலந்தோ கிரேங்க்பெய்ட்டுக்கெனத் தனிக் கோல்களைச் செய்யலாயினர். இன்றும் அவை விற்பனையில் உள்ளன.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையில் கோலைப் பார்க்கும்போது இரண்டு பண்புகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று வலு, மற்றொன்று வளைவு. கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது வலு. கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது வளைவு. நுனி மட்டும் வளைந்தால் 'விரைவு' என்றும், நடுப்பகுதிவரை வளைந்தால் 'மிதம்' என்றும் குறிப்பார்கள். பலர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. கிரேங்க்பெய்ட்டுக்கு மித வளைவே ஏற்றது. வலு, நடுத்தரம் முதல் சற்றுக் கூடுதல்வரை இருக்கலாம்.

2. ஆழத்தில் செல்லும் பெரிய பொய்யிரைக்கு 7 அடிக்கும் மேற்பட்ட நீளமான கோல் வேண்டும். பொய்யிரை ஆழம் இறங்குவதற்கு ஓடுதூரம் தேவை. தொலைவில் வீசினால்தான் அத்தூரம் கிடைக்கும்.

3. கரையோரத்தில், மரக்கட்டைகளுக்கிடையே குறி பார்த்து வீசும் சிறிய பொய்யிரைக்கு ஆறரை முதல் 7 அடிவரையிலான கோல் கைக்கு அடங்கும்.

4. கோலின் அடிப்பகுதியில் எவ்வளவு எடையுள்ள பொய்யிரையை வீசலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். நம்மிடமுள்ள பொய்யிரையின் எடை அதற்குள் அமைய வேண்டும்.

5. மூக்குத் தகடு இல்லாத கிரேங்க்பெய்ட் ஒருவகை உண்டு. அதை நீர்ப்பாசியில் சிக்கவிட்டுச் சுண்டி விடுவிப்பார்கள். இதற்குக் கண்ணாடி இழை மிகவும் மெத்தனம்; கார்பன் அல்லது கலப்புக் கோலே உதவும்.

ஐந்தாவது குறிப்பைக் கவனியுங்கள். கண்ணாடியே எப்போதும் சிறந்தது என்று நாம் புதிதாக ஒரு சூத்திரம் எழுதிவிடக் கூடாது. அடிமண்ணில் மெல்ல நகர்த்தும் ஒற்றை முள் பொய்யிரைக்கு இன்றும் கார்பனுக்கு நிகரில்லை. நம் நாட்டுத் தோமான் மீனுக்குத் தாடை எலும்பு கடினம். கவ்வியதும் புதரை நோக்கிப் பாயும். அங்கும் வலுவான கோல்தான் வேண்டும்.

பெற்றோர்களுக்கு இரண்டு சொற்கள். சிறுவனின் முதல் கோலுக்கு 5 அல்லது 6 அடிக் கண்ணாடி இழைக் கோலே போதும். காரின் கதவிலும் கல்லிலும் அடிபட்டுத் தாங்கக்கூடியது அது. கார்பன் கோல் வாங்கினால், அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பிள்ளைக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். மின்கம்பிகளின் கீழே வீசக்கூடாது. இடி இடிக்கும்போது கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான இடத்திற்குச் செல்ல வேண்டும். எந்தக் கோலானாலும் இது நல்ல பழக்கமே.

வகுப்பறைக்கு என்ன தொடர்பு?

கருவிகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் படிக்கட்டு போலக் கற்பிக்கிறோம். கல், செம்பு, இரும்பு. ஓலை, தாள், கணினி. மேல்படியில் ஏறியவன் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடுகிறது. தூண்டிற்கோலின் வரலாறு அப்படியன்று. கார்பன் வந்தபின் கண்ணாடி அழியவில்லை. தனக்கே உரிய வேலையைக் கண்டுகொண்டது. மூங்கில் கோலும் மறையவில்லை. கைவினைஞர் சிலர் இன்றும் செய்கிறார்கள். புதியது வரும்போது பழையதன் எந்தப் பண்பை இழக்கிறோம் என்று கேட்கத் தெரிந்த மாணவனே வரலாறு கற்றவன்.

இன்னொரு செய்தியும் உண்டு. கிராஃபைட் கோல் சந்தைக்கு வந்த அதே 1970களில், மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் ஒரு சிறு கால இடைவெளியை அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டபின் விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? ஏறத்தாழ ஒரு விநாடி! அதற்குள் விடை வரவில்லையென்றால் அடுத்த மாணவனிடம் சென்றுவிடுகிறார்; அல்லது தாமே விடையைக் கூறிவிடுகிறார். அந்நேரத்தை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது மாணவரின் விடைகள் நீண்டன. விடை சொல்லாமல் நிற்பது குறைந்தது. ஆசிரியர்கள் 'மெதுவானவர்கள்' என்று கருதியிருந்த மாணவர்களும் பேசத் தொடங்கினர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் 'காத்திருப்பு நேரம்' என்று நாம் படித்தது இதனைத்தான்.

கண்ணாடி இழைக் கோல் தரும் நேரமும் ஒரு நொடிக்குள் அடங்குவதே. அந்த நேரத்தில் கோல் எதுவும் செய்வதில்லை. வளைந்து கொடுக்கிறது, அவ்வளவே. விரைவாகக் கற்பிப்பவரே திறமையான ஆசிரியர் என்றும், உடனே கை தூக்குபவனே கெட்டிக்கார மாணவன் என்றும் எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பெற்றோரும் வீட்டில் பெருக்கல் வாய்பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை. பிள்ளை யோசிக்கத் தொடங்கும் கணத்தில் நாம் சுண்டி இழுத்துவிட்டால், வாய்வரை வந்த விடை வெளியே வராமலே போய்விடும்.

இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். ஒரே நீளமுள்ள மூங்கில் கீற்று ஒன்று, நெகிழி அளவுகோல் ஒன்று, எஃகு அளவுகோல் ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நூலில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று மாணவர்களை அளக்கச் சொல்லுங்கள். பிறகு, "இவற்றுள் எது சிறந்தது?" என்று கேளுங்கள். கேட்டபின் மூன்று விநாடி பொறுத்திருங்கள். "எந்த வேலைக்கு, ஐயா?" என்று ஒரு மாணவன் திருப்பிக் கேட்டால் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.